வீரையா பிடித்த கருடன்

வீரையா அண்ணனைப் போல ஒரு கிறுக்கனை நான் பார்த்ததில்லை. இதை அவர் முகத்துக்கு நேராகவே பலமுறை சொல்லியிருக்கிறேன், அதனால் இப்போது எழுதுவதில் தப்பில்லை. காரைக்குடி செக்காலை ரோட்டில் அவருடைய போட்டோ ஸ்டுடியோவும் என்னுடைய ரேடியோ ரிப்பேர் கடையும் ஒரே சுவருக்கு இரண்டு பக்கம். அவர் இருட்டறைக்குள் நின்று கத்தினால் என் மேஜைமேல் இருக்கிற வால்வு அதிரும். அந்த நாளில் அவர் கத்தாத வாரம் குறைவு. அத்தனைக்கும் காரணம் ஒன்றுதான். பறக்கிற பறவை அவருடைய படத்தில் தெளிவாக விழமாட்டேன் என்று அடம்பிடித்தது.

மற்றபடி தொழிலில் அவரைக் குறை சொல்ல முடியாது. சொந்த ஊர் காளையார்கோவில் பக்கம். வயல் வேலைக்கு உடம்பு வளையவில்லை என்று அப்பாவிடம் அடி வாங்கிக்கொண்டு மதுரைக்கு ஓடி, ஒரு ஸ்டுடியோவில் தட்டுக் கழுவித் தொழில் கற்று, இங்கே வந்து கடை போட்டவர். பினாங்குக்குப் போகிறவர்களுக்குப் பாஸ்போர்ட் படம், கல்யாணம், அறுபது வயதுச் சாந்தி, காதுகுத்து, செத்தவரை நாற்காலியில் உட்காரவைத்து எடுக்கிற கடைசிப் படம் வரை எல்லாம் அவர்தான். மூக்கோரத்து மச்சம்கூடத் தெரியும். அதிலும் செத்தவர்களை அவரைப் போல அழகாக எடுக்க இந்தச் சுற்றுவட்டாரத்தில் ஆள் கிடையாது. அவர்கள் அசையமாட்டார்கள் அல்லவா? அசைகிறதுதான் அண்ணனுக்கு எமன்.

சனியன் பிடித்தது அறுபத்து நாலாம் வருஷம், கொத்தமங்கலம் பக்கம் ஒரு கும்பாபிஷேகத்தில். கும்பாபிஷேகம் என்றால் கலசத்தில் தண்ணீர் ஊற்றுவதோடு வேலை முடிந்துவிடாது. வானத்தில் கருடன் வந்து கோபுரத்தைச் சுற்ற வேண்டும். சுற்றினால்தான் சாமி ஒப்புக்கொண்டது என்று அர்த்தம். நான் மாதா கோயிலுக்குப் போகிறவன். ஆனாலும் அந்த நேரத்தில் நானும் அண்ணாந்து பார்ப்பேன். ஊரே ஒன்றாக அண்ணாந்து நிற்கும்போது குனிந்துகொண்டு நிற்க யாரால் முடியும்? அன்றைக்குக் கருடன் நன்றாகத்தான் வந்தது. செம்மண் நிறச் சிறகும் வெள்ளைக் கழுத்துமாக இரண்டு சுற்றுச் சுற்றியது. அண்ணன் படமும் எடுத்தார். கழுவிக் கொண்டுபோய்க் கொடுத்தார்.

"கருடன் எங்கப்பா?" என்றார் அந்த ஊர்ப் பெரியவர்.

"இந்தா, கலசத்துக்கு மேல வலப்பக்கம் பாருங்கய்யா."

"இதா? கொசுவ அடிச்ச மாதிரில்ல இருக்கு."

அந்த வாரத்துக்குள் அண்ணன் கடைக்குக் கொசு ஸ்டுடியோ என்று பெயர் வந்துவிட்டது. பாஸ்போர்ட் படத்துக்கு வந்தவன்கூட, "அண்ணே, கொசு விழுகாம எடுங்கண்ணே" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தான். அண்ணன் சிரித்த மாதிரி இருந்தார். சுவருக்கு இந்தப் பக்கம் இருந்த எனக்குத்தான் அவர் இருட்டறையில் தட்டுகளை எறிந்தது கேட்டது.

இதில் இன்னொரு வயிற்றெரிச்சல். வெளியூர் ஸ்டுடியோக்காரர் ஒருவர் இருந்தார். அவர் கருடனை எடுக்கவே மாட்டார், கத்தரித்து ஒட்டுவார். எப்போதோ எங்கிருந்தோ பிடித்த ஒரே கருடனை எல்லாக் கோயில் கோபுரத்துக்கு மேலும் ஒட்டி, மறுபடி படம் பிடித்து, பெரிதாகப் போட்டுச் சட்டம் மாட்டிக் கொடுத்துவிடுவார். அந்தக் கருடனுக்கு இடது சிறகில் ஒரு இறகு குறைவு. நாலைந்து கோயிலில் பார்த்தபிறகு எங்கள் வீட்டுக் கோழி மாதிரி அது எங்களுக்கு அடையாளம் தெரிய ஆரம்பித்துவிட்டது. அந்தப் படங்களைத்தான் கண்ணில் ஒற்றிக்கொண்டு வாங்கினார்கள்.

"நீங்களும் ஒட்டிட்டுப் போங்களேண்ணே" என்றேன்.

"ஒட்டுறதுக்கு நான் என்ன சினிமா நோட்டீசு ஒட்டுறவனா? வந்த கருடன எடுக்கணும் தம்பி. வந்ததத்தான் எடுக்கணும்."

சொல்வது சுலபம். அவரிடம் இருந்தது இரண்டு கண் கேமரா, மலேயாவிலிருந்து திரும்பிய ஒருவரிடம் வாங்கியது. வயிற்றோடு அணைத்துப் பிடித்து, மேலே இருக்கிற கண்ணாடியைக் குனிந்து பார்க்க வேண்டும். அந்தக் கண்ணாடியில் இடது வலதாகவும் வலது இடதாகவும் தெரியும். உட்கார்ந்திருக்கிற மாப்பிள்ளை பெண்ணுக்கு அதனால் ஒரு நஷ்டமும் இல்லை. ஆனால் பறவை வலப்பக்கம் பறந்தால் கண்ணாடியில் அது இடப்பக்கம் ஓடும். அண்ணனும் கேமராவை இடப்பக்கம் திருப்புவார். பறவை ஒரு திசை, படம் ஒரு திசை. கழுவிப் பார்த்தால் சுத்தமான ஆகாயம் வரும். இந்த ஜில்லாவில் ஆகாயத்தை அவரளவுக்கு எடுத்தவர் யாரும் இருக்க முடியாது.

ஊருணிக் கரையில் காக்கையை வைத்துப் பழகினார். சந்தைப்பேட்டைப் புறாவை வைத்துப் பழகினார். மழை முடிந்த மாதங்களில் திருப்பத்தூர் பஸ் ஏறி, அந்தப் பக்கத்துக் கண்மாய் ஒன்றுக்குப் போவோம். கருவேல மரமெல்லாம் நாரையும் கொக்கும் வெள்ளையாக அப்பிக் கிடக்கும். என் கடையைப் பூட்டிவிட்டு நான் ஏன் போனேன் என்று கேட்காதீர்கள். தனியாக விட்டால் தண்ணீரில் இறங்கிவிடுவார் என்று அவர் மனைவி சோலையம்மாள் என்னைக் கூட அனுப்புவார். ஒருநாள் பறவைகள் எழும்பவே இல்லை. பொறுமையிழந்த அண்ணன் கையை ஓங்கித் தட்டினார். கரையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த அம்மாள் கம்போடு ஓடி வந்தார்.

"எந்த ஊருய்யா நீங்க? குஞ்சு பொரிச்சுக் கெடக்கு, கையத் தட்டுறீக? எங்க ஊர்ல தீவாளிக்கு வெடிகூடப் போடமாட்டோம், தெரியுமா?"

"போட்டோ எடுக்கத்தான் ஆத்தா."

"அதுகளா உங்கள எடுக்கச் சொல்லுச்சு? அங்குட்டுப் போங்க."

அங்குட்டுப் போனோம். அங்குட்டுப் பறவையே இல்லை.

கொஞ்ச நாளில் எனக்கு வேறு சந்தேகம் வந்தது. கேமராவின் ஷட்டர் அது சொல்கிற வேகத்தில் திறந்து மூடுகிறதா? என் கடையில் ரிப்பேருக்கு வந்த கிராமபோன் ஒன்று இருந்தது. தட்டின்மேல் சாக்பீஸால் மெல்லிய கோடு ஒன்று போட்டுச் சுழலவிட்டு, அண்ணனை மேலேயிருந்து ஆக உச்ச வேகத்தில் படம் எடுக்கச் சொன்னேன். ஷட்டர் சரியாக இருந்தால் கோடு கோடாகவே விழ வேண்டும். கழுவிப் பார்த்தால் விரல் பருமனுக்குப் பூசிவிட்ட மாதிரி இருந்தது. உள்ளே ஸ்பிரிங் தளர்ந்து போயிருக்கிறது. இத்தனை வருஷம் நொண்டி மாட்டை வண்டியில் பூட்டிக்கொண்டு ரேசுக்குப் போயிருக்கிறார். அண்ணன் தரையில் உட்கார்ந்துவிட்டார். அவரைப் பார்த்து எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. திருச்சியில் கொடுத்து ஸ்பிரிங் மாற்றினோம்.

மாற்றியும் ஆகாயம்தான் வந்தது. இடவலம் மாறுகிற கண்ணாடி அப்படியேதானே இருக்கிறது. அதற்கு விடை கிடைத்த விதத்தை நினைத்தால் இப்போதும் எனக்குச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போல இருக்கும். ஒரு வெள்ளிக்கிழமை சோலையம்மாள் அக்கா கடையைக் கூட்டித் துடைக்கும்போது கேமராவையும் துடைத்திருக்கிறார். மேல் மூடியின் முன்பலகையை அழுத்தித் துடைக்க, அது டக்கென்று உள்ளே மடங்கிவிட்டது. உடைத்துவிட்டோம் என்று பயந்து அக்கா என்னிடம் ஓடி வந்தார். நான் வாங்கிப் பார்த்தேன். உடையவில்லை. மடங்கிய இடத்தில் சதுரமாக ஒரு ஓட்டை. பின்பக்கம் ஒரு சின்ன ஓட்டை. கேமராவைக் கண்ணுக்கு நேரே பிடித்து அதன் வழியாகப் பார்த்தால் வீதி வீதியாகவே தெரிந்தது. வலப்பக்கம் போன சைக்கிள் வலப்பக்கமே போனது. ஓடுகிறதை எடுப்பதற்கென்றே செய்த ஜன்னல் அது. விளக்கப் புத்தகம் இல்லாமல் பழையதாக வாங்கிய சாமான், அண்ணன் அதை ஒருநாளும் அழுத்திப் பார்க்கவில்லை.

அண்ணன் வந்தார். பார்த்தார். முதலில் அக்காவைத் திட்டினார், இதை முன்னாலேயே துடைத்திருக்கக் கூடாதா என்று. எவ்வளவு நியாயம் பாருங்கள்! அக்கா துடைப்பத்தைப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார். இரண்டு நாள் அண்ணன் ஓட்டலில் சாப்பிட்டார்.

அதற்குப்பிறகு பறவை படத்துக்குள் வர ஆரம்பித்தது. ஆனால் தலை தெளிவாக இருந்தால் சிறகு புகையாக இருக்கும். சிறகு விழுந்தால் தலை வெட்டுப்படும். சிறகடிக்காமல் காற்றில் மிதக்கிற நேரத்துக்குக் காத்திருக்க வேண்டும் என்று புரிந்துகொள்ளவே ஒரு வருஷம் போயிற்று. பிலிம் தட்டுப்பாடு வேறு. கல்யாணத்துக்கு வைத்திருந்த ரோலைக் காக்கைக்குச் செலவழித்துவிட்டு, பெண் வீட்டாரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதும் உண்டு.

எழுபத்து மூன்றில் அந்தக் கோயில் வந்தது. ஊர்ப் பெயர் சொல்லமாட்டேன், சம்பந்தப்பட்டவர்கள் இருக்கிறார்கள். சிவன் கோயில். இரண்டு பங்காளி வீட்டாருக்கும் பாத்தியம். முதல் மரியாதை யாருக்கு என்று தொடங்கிய சண்டை கோர்ட்டு வரை போய், கோயில் பல வருஷம் பூட்டிக் கிடந்தது. கோபுரத்தில் ஆலங்கன்று முளைத்துவிட்டது. இரண்டு பக்கமும் மாறி மாறி நடந்து, கையைக் காலைப் பிடித்துச் சமாதானம் செய்தவர் காசிவிஸ்வநாதன். அவர்தான் டிரஸ்டி. கும்பாபிஷேகத்துக்கு நாள் குறித்ததும் அவரே ஸ்டுடியோவுக்கு வந்தார்.

"வெளியூர் ஆளக் கூப்பிடுவோம்னு சொன்னாக. நான்தான் வீரையா போதும்னு சொல்லியிருக்கேன். கருடன் வந்து, அது படத்துலயும் விழுந்துருச்சுன்னா, அப்புறம் எவனும் வாயத் தெறக்கமாட்டான். என் பேரக் காப்பாத்திருங்க."

"விழுகுமய்யா" என்றார் அண்ணன். டிரஸ்டி போனதும் என்னிடம் வந்தார். "தம்பி, இதுலயும் விழுகலைன்னா இனிமே நான் வானத்தையே பாக்கமாட்டேன். பாஸ்போர்ட் படத்தோட நிறுத்திக்கிருவேன்." விளையாட்டாகச் சொல்லவில்லை.

கும்பாபிஷேகத்தன்று கோபுரத்தைச் சுற்றிச் சாரம் கட்டியிருந்தது. குருக்கள்மார் குடத்தோடு மேலே ஏறினார்கள். பக்கத்து விமானத்தின் சாரத்தில் அண்ணன் ஏறிக்கொண்டார். பிலிம் பையோடு நானும் அவருக்குக் கீழே தொங்கிக்கொண்டிருந்தேன். சவுக்குக் கம்பு ஆடியது. கீழே ஒரே தலைகளாகத் தெரிந்தது. யாகசாலைப் புகைக்கும் அன்னதானக் கொட்டகைக்கும் மேலே உயரத்தில் நாலைந்து பறவைகள் சுற்றிக்கொண்டிருந்தன. கெட்டிமேளம் முழங்கியது. கலசத்தில் தண்ணீர் விழுந்தது. அந்த நேரம் பார்த்து ஒன்று மட்டும் இறங்கி வந்தது. சிறகை அசைக்காமல் கலசத்துக்குப் பக்கத்தில், எங்கள் கண்ணுக்கு நேராக, காற்றில் மிதந்து ஒரு வட்டம் போட்டது.

"கருடா! கருடா!" என்று கீழே ஒரே சத்தம். எல்லார் கையும் தலைக்குமேல் குவிந்தது. ஒருவரோடொருவர் பேசாமல் தலை நரைத்துப்போன இரண்டு பங்காளி வீட்டுப் பெரியவர்களும் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார்கள். அதை நான் மேலேயிருந்து பார்த்தேன். அண்ணன் அதையெல்லாம் பார்க்கவில்லை. அந்தச் சதுர ஓட்டைக்குள்ளேயே இருந்தார். ஷட்டர் சத்தம் மட்டும் கேட்டது.

மறுநாள் மத்தியானம் இருட்டறைக்குள்ளிருந்து கத்தல் கேட்டது. பல வருஷம் கேட்ட கத்தல் இல்லை இது. கையிலிருந்த ஈயப்பற்று வைக்கிற சூட்டுக்கோலை அப்படியே வைத்துவிட்டு ஓடினேன். ஈரம் சொட்டுகிற படத்தை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து தூக்கிப் பிடித்திருந்தார்.

"எண்ணிக்கிருங்க தம்பி! எறகு எறகா எண்ணிக்கிருங்க!"

எண்ணலாம்தான். சிறகு நுனியில் விரல் மாதிரி பிரிந்து நின்ற இறகுகள், கண்ணில் ஒரு புள்ளி வெளிச்சம், வளைந்த அலகு, பக்கத்தில் தண்ணீர் வழிகிற கலசம். அப்படி ஒரு படத்தை நான் பத்திரிகையில்கூடப் பார்த்ததில்லை. அண்ணன் என் தோளைப் பிடித்துக் குலுக்கினார். அக்காவைக் கூப்பிட ஆள் அனுப்பினார். பிறகு ஆசை தீரப் பார்க்க வேண்டும் என்று படத்தை மேஜைமேல் வைத்துக் குனிந்தார். குனிந்தவர் நிமிரவில்லை.

"தம்பி, வாலப் பாருங்க."

வால் நடுவில் பிளந்திருந்தது. கருடனுக்கு வால் வட்டமாக இருக்கும். கழுத்தைப் பார்த்தேன். வெள்ளை இல்லை. தலையிலிருந்து வால் வரை ஒரே கறுப்பு. அன்றைக்கு அந்தச் சத்தத்தில் நிறத்தை நான் கவனிக்கவே இல்லை. சந்தையில் கறிக்கடைக்கு மேலே எந்நேரமும் சுற்றுமே, அந்தக் கள்ளப்பருந்து.

அக்கா வந்தபோது நாங்கள் இரண்டு பேரும் அந்த வாலையே பார்த்துக்கொண்டிருந்தோம். அக்கா படத்தைப் பார்த்தார். "நல்லாத்தானே விழுந்திருக்கு" என்றார். ரோலில் இருந்த மற்றப் படங்களையும் பார்த்தோம். இறங்கி வந்தது அது ஒன்றுதான். மேலே சுற்றியவை வெறும் புள்ளி.

"வந்ததத்தான் எடுத்தேன். அப்படியே கொண்டுபோய்க் குடுப்போம்" என்றார் கடைசியில்.

டிரஸ்டி வீட்டு முகப்பில் உட்கார்ந்து படத்தைக் கொடுத்தோம். காசிவிஸ்வநாதன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். பக்கத்தில் இருந்த கணக்குப்பிள்ளையிடம் காப்பி சொல்லிவிட்டு வரும்படி உள்ளே அனுப்பினார்.

"வீரையா, நான் இப்புடி ஒரு படம் பார்த்ததில்ல. அருமையா எடுத்திருக்கீக." படத்தைக் கண்ணுக்கு இன்னும் கிட்டே கொண்டுபோனார். "ஆனா இது கருடன் இல்லையே."

"இல்லைங்கய்யா. பருந்து."

"அன்னைக்குக் கருடன் வந்துச்சா இல்லையா?"

"மேல நாலஞ்சு சுத்துச்சு. அதுல இருந்திருக்கலாம். கிட்ட வந்தது இதுதான்யா."

"ரெண்டு வீட்டுலயும் படம் கேட்டு ஆள் மேல ஆள் விடுறாக. இதக் கண்டா, சாமி ஒப்பலைன்னு ஒருத்தன் ஆரம்பிப்பான். எவன் வச்ச கலசத்தால ஒப்பலைன்னு அடுத்தவன் கேப்பான். மறுபடியும் கோயிலப் பூட்டுவாக." படத்தைத் திருப்பி மேஜைமேல் கவிழ்த்து வைத்தார். "இம்புட்டுத் தெளிவு வேணாம் வீரையா. கொஞ்சம் மங்கலாப் போட்டுக் குடுங்க."

அண்ணன் எழுந்துவிட்டார். அவ்வளவு பெரிய மனிதர் முன்னால் அவர் குரல் உயர்ந்ததை அன்றுதான் கேட்டேன்.

"மங்கலா இருக்குன்னு ஊரே என்னையச் சிரிச்சுச்சு. கொசுன்னு பேரு வச்சாக. இப்பத் தெளிவா இருக்குன்னு வேணாங்குறீக. நான் என்னதான்யா செய்யிறது?"

"கோவிக்காதீக. உங்களுக்கு முடியாதுன்னா நெகட்டிவக் குடுத்துருங்க. வெளியூர்ல குடுத்து இதுக்கு மேல கருடன ஒட்டிக்கிடுறேன்."

காப்பி வந்தது. அண்ணன் குடிக்கவில்லை. படத்தை உறையில் போட்டுக்கொண்டு படியிறங்கினார். பஸ்ஸில் எனக்குத்தான் ரத்தம் கொதித்தது. "குடுக்காதீகண்ணே. பெருசாப் போட்டு உங்க கடை வாசல்ல மாட்டுங்க. கொசுன்னு சொன்னவன் அத்தன பேரும் வந்து பாக்கட்டும்" என்றேன்.

"மாட்டலாம்" என்றார். பஸ் இரண்டு ஊர் தாண்டியது. "அந்த ரெண்டு பெருசும் கட்டிக்கிட்டு அழுதாகளாமே. நீங்க பாத்தீகளா?"

பார்த்தேன் என்றேன். பார்க்கவில்லை என்று சொல்லித் தொலைத்திருக்கலாம்.

"ஒட்டுறதுக்கு மங்குறது மேல்" என்றார். "மங்குனாலும் அங்க வந்த பறவை அதுதான். ஒட்டுனா அதுவும் இல்ல."

அன்று சாயங்காலமே இருட்டறைக்குள் என்னையும் கூப்பிட்டார். சிவப்பு பல்பு எரிந்தது. படத்தைப் பெரிதாக்கிக் காட்டுகிற என்லார்ஜரில் நெகட்டிவை வைத்து விளக்கைப் போட்டார். கீழே பலகையில், கறுப்பும் வெள்ளையும் இடம் மாறி, அந்தப் பறவை சிறகை விரித்துக்கொண்டு விழுந்தது. இறகு ஒவ்வொன்றும் தனித்தனியாக நின்றது. ஏன் மங்கலாக இருக்கிறது என்று ஊரில் கேட்டால் என்ன சொல்வீர்கள் என்றேன். கூட்டத்தில் கை ஆடிவிட்டது என்று சொல்லிக்கொள்கிறேன் என்றார். என்லார்ஜரின் குமிழைத் திருகினால் போதும், மங்கிவிடும். அவர் குமிழைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். பிறகு கையை எடுத்து வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

"என் கை வரமாட்டேங்குது தம்பி. நீங்க திருகுங்க."

எனக்கு மட்டும் வந்ததா? திருகினேன். இறகுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. கண்ணில் இருந்த புள்ளி போனது. அலகு போனது. கலசமும் கரைந்தது. இது போதும் என்று நான் நிறுத்தினேன். அண்ணன் பலகைமேல் குனிந்து, முகம் படுகிற அளவுக்குக் கிட்டத்தில் பார்த்தார்.

"இன்னுங் கொஞ்சம் திருகுங்க" என்றார். "வால் பிளந்திருக்கிறது இன்னும் தெரியுது."